மூணாவது மாடியின் கடைசிப் பதில்

அந்த இணையக் குழுவில் எல்லோரும் அவளை "மூணாவது மாடி அக்கா" என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் அங்கே கேட்ட முதல் கேள்வியால் வந்த பெயர் அது. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த கணவருக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியிலிருந்து அவரை எப்படிக் கீழே இறக்குவது என்று கேட்டிருந்தாள். நாற்காலியை எங்கே பிடிக்க வேண்டும், எத்தனை படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்க வேண்டும் என்பதுவரை முன்பின் தெரியாத ஒருவர் எழுதினார். அதைப் படித்துவிட்டு அவள் அழுதாள்.

கணவர் போய்ப் பதினான்கு மாதமாகிறது. அவள் குழுவை விட்டுப் போகவில்லை. ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. மதிய இடைவேளையில் ஆவி பட்டுச் சுருங்கிய விரல்களால் யார் யாருக்கோ பதில் எழுதுவாள். படுக்கைப்புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது, எரிந்து விழுந்தால் எப்படிப் பொறுத்துக்கொள்வது, எல்லாம்.

"ஊதாக்குடை" என்ற பெயரில் ஒருத்தி கேட்டாள்: "வீட்டுக்காரருக்குப் பேச்சு லேசா குழறுது. குரலை இப்பவே பதிவு பண்ணி வைங்கன்னு டாக்டர் சொல்றாரு. போனை நீட்டினாலே இவர் அழறாரு. என்ன செய்யக்கா?"

"அவசரமே இல்லம்மா," என்று அவள் எழுதினாள். "எங்க வீட்டுக்காரர் அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் வாய் ஓயாம பேசினாரு. அவரை அழ வைக்காதீங்க. மனசு தேறட்டும்."

இருபத்தாறு பேர் அதற்கு இதயம் போட்டார்கள்.

நாற்பது நாளில் அந்த மனிதரின் பேச்சு நின்றுபோனது. ஊதாக்குடை எழுதினாள்: "உங்க மேல கோபமில்லக்கா. நல்லதுதான் நெனச்சீங்க. பாப்பாவுக்கு ரெண்டு வயசு. அப்பா குரல் ஞாபகம் இருக்காது." பிறகு கணக்கை மூடிவிட்டுப் போய்விட்டாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

தங்கையும் அதே சலவைக்கூடத்தில்தான் வேலை செய்தாள். படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை அவளும் மற்ற இரண்டை இவளுமாகப் பிடித்து உதறி மடிக்கும்போது விஷயம் வெளியே வந்தது.

"விட்டுத் தொலைன்னு எத்தனை தடவை தலைபாடா அடிச்சுக்கிட்டேன்! அத்தான் போனப்பவே நீ வெளிய வந்திருக்கணும். தினம் ஒரு சாவு வீட்டுக்குப் போய்ட்டு வர்றவ மாதிரி இருக்கு உன் மூஞ்சி."

"அங்கதான்டி என்னைப் பேர் சொல்லிக் கேக்கறாங்க."

"அது பேரா? வீட்டு விலாசம்க்கா!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நிறுத்திவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தன் பழைய பதில்களை உட்கார்ந்து படித்தாள். பயப்படாதீங்க. அவசரமில்ல. எங்க வீட்ல ஒண்ணும் ஆகல. பக்கம் பக்கமாக இதேதான். யாராவது தன்னிடம் சொல்லமாட்டார்களா என்று ஏங்கியதையெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டு எத்தனை பேர் எதையெதைத் தள்ளிப்போட்டார்களோ. அவளிடம் கேட்டவர்களில் பாதிப் பேர் அதற்குப்பின் எதுவுமே எழுதியிருக்கவில்லை. இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்தாள்.

மூன்று வாரம் படிக்க மட்டும் செய்தாள். அப்போது ஒரு தச்சர் புதிதாகச் சேர்ந்தார். மனைவிக்கு நாக்குக் குழறுகிறது, குரலைப் பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்டார். அவளுடைய அந்தப் பழைய பதிலைப் படமெடுத்து வைத்திருந்த ஒருவர் அதையே கீழே போட்டிருந்தார்: "மூணாவது மாடி அக்காவே சொல்லியிருக்காங்க. கவலைப்படாதீங்க."

அவள் நின்றபடியே எழுதினாள்: "அந்தப் பதில் தப்பு. எழுதினவ நான்தான். இன்னைக்கே பதிவு பண்ணுங்க. அழுதாலும் பரவாயில்ல, பண்ணுங்க."

தச்சர் பதில் போட்டார். "நீங்கதானே அவசரமில்லன்னு சொன்னது? இப்ப எதுக்கு வயித்துல புளியைக் கரைக்கிறீங்க? அவ இதைப் படிச்சதுலேர்ந்து சாப்பிடல."

மறுநாள் அவள் கேட்டாள்: "பண்ணிட்டீங்களா?" பதில் இல்லை. அதற்கடுத்த நாளும் கேட்டாள். நான்காம் நாள் குழுவை நடத்தும் நர்ஸ் போன் செய்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. புகார் வந்திருக்கு. கொஞ்ச நாள் எழுதாம இருங்களேன்."

"கொஞ்ச நாள் எதுக்கும்மா? கணக்கையே மூடிடு. அந்தக் கடைசிப் பதிலை மட்டும் விட்டு வை."

"கணக்கு போனா எல்லாம் சேர்ந்து போயிடும்க்கா."

"அப்ப உன் பேர்ல அதைப் போடு. நீ சொன்னாலாவது கேப்பாரு."

"பார்க்கறேன்க்கா," என்றாள் நர்ஸ்.

மறுநாள் மதியம் அவளால் குழுவைத் திறக்க முடியவில்லை. உறுப்பினர்களுக்கு மட்டும் என்றது திரை. படிகளில் நாற்காலியை இறக்கச் சொல்லிக்கொடுத்தவரின் பதிலும் அதற்குள்தான் இருந்தது. நர்ஸ் எழுதினாளா, தச்சர் பதிவு செய்தாரா என்று இனித் தெரியப்போவதில்லை. மீண்டும் சேர்ந்து பார்க்கலாம், வேறொரு பெயரில். அந்த யோசனை வந்ததும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. போனைப் பைக்குள் போட்டாள். இடைவேளை முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. எழுந்து போய், தனியாளாக விரிப்புகளை மடிக்க ஆரம்பித்தாள். எதுவும் சரியாக மடியவில்லை.