லத்தீப் மாஸ்டரின் மூன்றாவது சில்லு

பதுளையில் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் லத்தீப் மாஸ்டரிடம் திட்டு வாங்கியவர்கள். பசறை வீதியில் அவர் நடத்தும் லேனர்ஸ் என்னும் ஓட்டுநர் பள்ளிக்குப் பழக வருகிற யாரும் முதல் நாளே கேட்கும் வசனம் ஒன்று உண்டு: "கால ஊண்டாத!" பைக் தடுமாறும்போது காலைத் தரையில் வைப்பதை அவர் ஏறக்குறைய ஒழுக்கக்கேடாகவே கருதினார். அவருடைய சிவப்பு பைக்கில் இருந்து அவர் ஒருநாளும் விழுந்ததில்லை.

விழுந்தது ஏணியில் இருந்து. லேனர்ஸின் பெயர்ப்பலகைக்குக் கீழே 'பாதுகாப்பே முதலில்' என்று எழுதவேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. பெயின்ட் அடிக்கிறவருக்கு எழுத்து நேராக வராது என்று தானே ஏறினார். 'பாதுகா' வரை நன்றாக வந்தது.

இடது முழங்கால் சிதறிப்போனது. காலை எடுக்கத் தேவையில்லை, உள்ளே கம்பி வைத்துப் பார்க்கலாம் என்றார்கள் வைத்தியர்கள். மாஸ்டர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். கால் மிஞ்சியது. ஆனால் மடங்கவில்லை, பாரமும் தாங்கவில்லை. ஊன்றுகோல் பிடித்து நடக்கலாம். பைக்கில் ஏறி உட்கார்ந்தால் ஓடும்வரை பிரச்சினை இல்லை. நின்றால்தான் பிரச்சினை. நின்ற பைக் இடது பக்கம் சாய்ந்தால் அதைத் தாங்கிப் பிடிக்க மாஸ்டரிடம் கால் இல்லை.

கொஞ்சநாள் மூன்று சில்லில் ஓடும் த்ரீவீல் ஆட்டோவில் போய்ப் பார்த்தார். ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அவரிடம் பழகியவர்கள். பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வளைவிலும் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்தார், இருக்கிற ஓட்டுநரைத் திட்டினார். கடைசியில் அவர் கைகாட்டினால் த்ரீவீல்காரர்கள் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு பார்க்காதமாதிரிப் போகத் தொடங்கினார்கள்.

"ரோட்டுக்குப் போனா ட்ரைவரோட சண்ட, ஊட்டுல இருந்தா என்னோட சண்ட" என்றார் அவருடைய மனைவி ஜெனீரா. "ஒண்டு அந்த பைக்க மூணு சில்லா மாத்துங்க. இல்லாட்டி மூணு சில்லுள்ள ஒண்ட வாங்குங்க. ரெண்டுல ஒண்ட முடிவெடுங்க."

முடிவெடுப்பது லேசாக இல்லை.

மாற்றுவதென்றால் சிவஞானம்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கராஜ் வைத்திருப்பவர். மாஸ்டரின் பைக்கை அதன் பிறப்பில் இருந்தே அறிந்தவர். அவர் வீட்டுக்கே வந்து பைக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, குந்தி உட்கார்ந்து, பின் சில்லுக்கு மேலே சோக்கட்டியால் ஒரு கோடு போட்டார்.

"மாஸ்டர், இந்த எடத்துல அறுத்துட்டு குறுக்கால எக்சல் ஒன்னு போட்டு ரெண்டு சில்லு பூட்டிறலாம். கியர் மாத்த கைக்கு ஒரு லீவர். அனுமதி எடுக்கிற வேலைய நானே பாத்துக்கிறேன். எனக்கு விட்டீங்கன்னா, ஒரு வாரம்."

"அறுக்கணுமா?"

"அறுக்காம எப்புடிங்க?"

சிவஞானம் போன பிறகு மாஸ்டர் அந்தச் சோக்குக் கோட்டை சாரத்தின் நுனியால் துடைத்துவிட்டார். தன் காலுக்குள் கம்பி வைக்கச் சம்மதித்தவர், பைக்கை அறுக்க மனம் வராமல் மாதக்கணக்கில் யோசித்தார். கேட்டவர்களிடம், "பழைய சேசி, பாரம் தாங்குமோ தெரியாது" என்று தொழில்நுட்பமாகப் பேசினார். இரவு சாப்பாட்டின்போதும் அதையே பேசினார். ஜெனீரா, "சேசி தாங்கும், எனக்குத்தான் தாங்க ஏலாது" என்றார்.

ஆகவே வாங்குவதென்று முடிவானது. அப்படியான பைக் ஒன்று நமுனுகுலையில் விற்பனைக்கு இருப்பதாகச் சிவஞானமே சொன்னார். கம்பெனியிலேயே மூன்று சில்லாகச் செய்தது. பள்ளிக்கூட யூனிஃபோர்ம் தைத்து தேயிலைத் தோட்டத்தில் லயம் லயமாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஜீவராணி என்பவருடையது. இப்போது அவர் பசறை டவுனில் கடை எடுத்துவிட்டார், பிள்ளைகளின் தாய்மார் கடைக்கே வருகிறார்கள், வண்டி சும்மா நிற்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் பஸ் ஏறிப் போனார். ஜீவராணிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சிறுவயதில் தேயிலைக் கொழுந்து லொறியில் இருந்து விழுந்ததில் ஒரு கால் மெலிந்து கட்டையாகிப் போயிருந்தது. அந்தக் காலுக்கு மட்டும் தடித்த அடியுள்ள செருப்பு போட்டிருந்தார். வாசலில் நின்ற மாஸ்டரைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "வாங்க மாஸ்டர்" என்றார்.

தன் பெயர் நமுனுகுலை வரைக்கும் எட்டியிருப்பதில் மாஸ்டருக்குத் திருப்தி.

வண்டி நீலநிறம். துடைத்து வைத்திருந்தது. மாஸ்டர் குறை கண்டுபிடிக்கக் கொஞ்சம் பாடுபட்டார்.

"ஓட்டிப் பாருங்க" என்றார் ஜீவராணி. "பெரட்டுக்களத்துல ஒரு ரவுண்டு. இன்னைக்கி லீவுதானே, யாரும் இருக்க மாட்டாங்க."

காலையில் தொழிலாளர்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தத் திடல் வெறுமையாகத்தான் இருந்தது. பக்கத்துத் தண்ணீர்ப் பீலியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்கள். மாஸ்டர் ஊன்றுகோலை ஜீவராணியிடம் கொடுத்துவிட்டு, பல வருடங்களாக மாணவர்களுக்குக் காட்டி வந்த அதே நேரான முதுகோடு உட்கார்ந்து புறப்பட்டார்.

நேரே போகும்வரை அருமையாக இருந்தது. திடலின் முனையில் வலது பக்கம் திரும்பவேண்டும். இரண்டு சில்லில் பழகிய உடம்பு வளைவு வந்தால் வண்டியைச் சாய்க்கும். அப்போது கைகள் ஹேண்டிலை லேசாக எதிர்ப்பக்கம் தள்ளும். அப்படித் தள்ளுவது ஓட்டுகிறவருக்கே தெரியாது. மூன்று சில்லு சாயாது. ஹேண்டிலைத் தள்ளிய பக்கம்தான் போகும். மாஸ்டர் வலது பக்கம் சாய்ந்தார். வண்டி இடது பக்கமாகத் திரும்பி, அவசரமில்லாமல் தேயிலைச் செடிகளுக்குள் போய் நின்றது.

பீலியடியில் ஒரு பெண் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினாள்.

"ஹேண்டில்ல ஏதோ பிழை இருக்கு" என்றார் மாஸ்டர்.

ஜீவராணி வந்து அவரை இறக்கினார். ஏறி உட்கார்ந்து, பின்னெடுத்து, ஒற்றைக் கையால் திடலை ஒரு சுற்றுச் சுற்றி மாஸ்டருக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஹேண்டில்ல ஒன்னும் இல்ல மாஸ்டர். ஒங்களுக்கு இத ஓட்டத் தெரியல."

"எனக்கா?"

"ஆமாங்க. ஓட்டத் தெரியாத ஆளுக்கு நான் விக்க மாட்டேன். பசற ரோட்டுல நீங்க பள்ளத்துக்குப் போனா பாவம் எனக்குத்தான்."

மாஸ்டருக்கு முகம் சிவந்தது. ஊன்றுகோலுக்குக் கை நீட்டினார். ஜீவராணி அதை உடனே கொடுக்கவில்லை.

"என்னய ஞாபகம் இல்லையா ஒங்களுக்கு? ஒங்க லேனர்ஸுக்கு வந்திருக்கேன். பேர் எழுதி, வரிசையில நின்னேன். எனக்கு முன்னுக்கு ஒரு பையன் பைக்கில தடுமாறிட்டான். 'கால ஊண்டாத, கால ஊண்டாத'ன்னு அவனப் போட்டுத் திட்டினீங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி என் காலப் பாத்தீங்க. 'கால ஊண்ட ஏலாத ஆளுக்கு பைக் எதுக்கு தங்கச்சி, பஸ்ஸுல போங்க'ன்னீங்க. ஒரே மூச்சுல."

"சட்டம் அப்பிடித்தானே" என்றார் மாஸ்டர்.

"நீங்க சட்டத்தப் பாக்கல மாஸ்டர். காலத்தான் பாத்தீங்க."

மாஸ்டர் பஸ்ஸில் திரும்பினார். வழியெல்லாம் அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். திட்டு வாங்கிய பையனின் பெயர்கூட ஞாபகம் வந்தது, அவன் போட்டிருந்த சேர்ட்டும் வந்தது. ஜீவராணியின் முகம் மட்டும் வரவேயில்லை. அதுதான் அவரை உறுத்தியது.

வீட்டில் ஜெனீரா, "எப்பிடி வண்டி?" என்று கேட்டார்.

"ஹேண்டில்ல ஏதோ பிழை."

ஆனால் அடுத்த ஞாயிறும் நமுனுகுலை பஸ்ஸில் ஏறினார். அதற்கடுத்த ஞாயிறும். ஹேண்டிலில் பிழையுள்ள வண்டியை இத்தனை தரம் போய்ப் பார்ப்பதேன் என்று ஜெனீரா கேட்கவில்லை. பார்சல் சோறு மட்டும் கட்டிக் கொடுத்தார்.

ஜீவராணி நல்ல ஆசிரியை இல்லை. பொறுமை கிடையாது. பெரட்டுக்களத்தின் நடுவில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்து, தைக்கவேண்டிய கொலரை மடியில் வைத்துக்கொண்டு, ஊசியோடு கத்துவார்: "சாய்க்காதீங்க! வண்டிய விடுங்க, ஒடம்ப மட்டும் உள்ளுக்குப் போடுங்க! ஹேண்டில திருப்புங்க, தள்ளாதீங்க!" வாய் அலுத்துப்போனால் தானே ஏறி ஓட்டிக் காட்டுவார். பிறகு மறுபடியும் காட்டுவார். மாஸ்டர் வளைவில் நிதானிக்கப் பழகினார், மேட்டில் நிறுத்தி எடுக்கப் பழகினார். தோட்டத்து ரோட்டில் லொறிச் சில்லு போட்ட இரண்டு பள்ளங்களுக்கும் மூன்று சில்லு பொருந்தாது என்பதை இடுப்பெலும்பால் கற்றுக்கொண்டார்.

ஒருநாள் களத்தைச் சுற்றிவந்து நிறுத்தியபோது சொன்னார், "அன்னைக்கி ஒங்கள ஒரு தரமாச்சும் ஏத்திப் பாத்திருக்கணும் நான்."

"பேசிக்கிட்டு ஓட்டாதீங்க" என்றார் ஜீவராணி. வண்டி நின்றுகொண்டிருந்தது. அவர் ஊசியில் நூலைக் கோத்தார். கோக்கக் கொஞ்சம் நேரமெடுத்தது.

கடைசியில் ஒரு ஞாயிறு மாஸ்டர் பெரட்டுக்களத்தில் எட்டுப் போட்டார். தேயிலைச் செடி எதையும் தொடவில்லை. பீலியடிப் பெண்கள் கை தட்டினார்கள். அவர் இறங்கி, முகத்தில் பெருமை தெரியாமல் இருக்க முயன்று, "சரி, இப்ப தருவீங்கதானே?" என்று கேட்டார்.

ஜீவராணி நீல வண்டியின் சீட்டைத் தடவிக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், கோவிக்க வேணாம். நான் விக்கல."

"என்னது?"

"சும்மாவே கெடந்தது, விக்கலாம்னு நெனச்சேன். ஒங்களுக்கு ஓட்டிக் காட்டிக் காட்டி எனக்கு ஆச திரும்பிருச்சி. போன கெழம இதுலதான் பசறைக்குப் போனேன். பஸ்ஸுல போறதெல்லாம் ஒரு போக்கா?"

மாஸ்டர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். யாரையும் திட்டாமல் போனது அவர் வாழ்க்கையில் அபூர்வம்.

வீட்டில் இதைக் கேட்ட ஜெனீரா சிரித்த சிரிப்பில் முந்தானையால் கண்ணைத் துடைக்கவேண்டி வந்தது. "படிச்சிக் குடுத்து வாத்திச்சிக்கே ஆச வந்திட்டா? அல்லாஹ்வே!"

"சிரிக்கிறதுக்கு ஒண்டுமில்ல."

"சிரிக்க நிறைய ஈக்கி" என்றார் ஜெனீரா. "சிவஞானத்துக்கு ஃபோன் எடுக்கவா?"

அனுமதி வந்த வாரமே சிவஞானம் வேலையைத் தொடங்கினார். எக்சலுக்கு அளவு எடுக்க ஜீவராணி தன் நீல வண்டியிலேயே பதுளைக்கு இறங்கி வந்து கராஜில் நிறுத்தினார். சோக்குக் கோடு மறுபடியும் விழுந்தது. இந்தத் தரம் மாஸ்டர் துடைக்கவில்லை. கிரைண்டர் சத்தம் கேட்டதும் எழுந்து வெளியே போய், எதிர்க்கடையில் பிளேன்டீ ஒன்றைக் கேட்டு, அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சத்தம் நின்றதும் உள்ளே வந்தார். பின் சில்லு சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மாஸ்டர் அதன் டயரை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"காத்து நல்லா இருக்கு" என்றார்.

"ஆமாங்க மாஸ்டர்" என்றார் சிவஞானம்.

சொன்ன ஒரு வாரம் மூன்று வாரமாகி, சிவப்பு பைக் மூன்று சில்லோடு வீட்டுக்கு வந்தது. பின்பக்கம் அகன்று, கொஞ்சம் கொழுத்துவிட்டதுபோல் இருந்தது. மாஸ்டர் அதைப் பார்த்து மனம் ஒடிவார் என்று எதிர்பார்த்து ஜெனீரா ஆறுதல் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தார். அவற்றைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. மாஸ்டர் ஏறி உட்கார்ந்து கை லீவரைத் தட்டி, "ஏறு" என்றார்.

கல்யாணமான நாளில் இருந்து ஜெனீரா அந்தப் பைக்கில் ஒரே ஒரு தரம்தான் ஏறியிருந்தார். முதல் வளைவில் கணவரும் பைக்கும் சேர்ந்து பள்ளத்துப் பக்கம் சாய்ந்ததைக் கண்டு அலறி இறங்கியவர், அதன் பிறகு எங்கே போனாலும் பஸ். பதுளை முழுவதையும் பைக்கில் ஏற்றிய மனிதரின் பின்சீட்டு இத்தனை வருடமாகக் காலியாகவே ஓடியது.

இப்போது அகன்ற பின்சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்து ஏறி உட்கார்ந்தார். வண்டி பசறை வீதியில் ஏறியது. முதல் வளைவு வந்தது. மாஸ்டர் நிதானித்து, ஹேண்டிலைத் திருப்பி, உடம்பை மட்டும் உள்ளே போட்டார். வண்டி சாயவில்லை. ஜெனீரா அலறவும் இல்லை. இரண்டாவது வளைவில் அவர் கணவரின் தோளைவிட்டுக் கையை எடுத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தேயிலைமலையை வேடிக்கை பார்த்தார்.

"இஞ்ச பாருங்க" என்றார் காதருகில் குனிந்து. "இத முந்தியே அறுத்திருக்கலாமே."

அடுத்த வளைவு வந்துகொண்டிருந்தது. ஓட்டும்போது பேசக்கூடாதென்று மாஸ்டருக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது.