திரும்பிப் பார்த்தால் தெரிகிற தூரம்

"ஞாயித்துக்கிழமை உங்க தங்கச்சியோட சைக்கிள்ல போறேன்" என்று அவள் சொன்னதும், மேசையில் ஒரு வீட்டுக்கான வரைபடம் போட்டுக்கொண்டிருந்த கணவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"நீயா? அவளோடயா?"

"ஏன், அவ என்னைக் கடிச்சுத் தின்னுடுவாளா? பல்லைப் பிடுங்குறதுதானே அவ வேலை."

அவர் சிரிக்கவில்லை. இடுப்புக்குக் கீழே வைத்திருந்த திண்டை நகர்த்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க வேணா போங்க. அந்தக் கடலோரப் பாதை மட்டும் வேண்டாம்" என்றார். அவள் காதில் வாங்காதது போல ஈரத் துணியை எடுத்துக்கொண்டு அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

தெருவில் அவளைக் கண்ணாடிக்காரி என்பார்கள். கண் பரிசோதித்து, வில்லை தேய்த்து, சட்டத்தில் பொருத்திக் கொடுக்கிற கடை அவளுடையது. அதே கட்டிடத்தின் மாடியில் நாத்தனாரின் பல் மருத்துவமனை. அண்ணனும் தங்கையும் சின்ன வயதிலிருந்தே சைக்கிள் பைத்தியங்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கண்ணாடிக்காரிக்கு அந்தப் பைத்தியத்தில் பங்கு கிடைத்ததில்லை. "அண்ணி, உங்களுக்கு மூச்சு வாங்கும்" என்று நாத்தனார் கரிசனமாகச் சொல்வாள். அந்தக் கரிசனத்தைக் கேட்டால் இவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் பேசியே பழகியவள், வீட்டிலும் அப்படியே இருந்தாள்.

போன வருடம் தங்கையோடு போனபோது அந்தக் கடலோரப் பாதையில்தான் கணவர் விழுந்தார். சரளையில் சக்கரம் வழுக்கி, கரையிலிருந்து உருண்டு சதுப்புச் சேற்றில் கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. வெகுநேரம் கழித்து, பறவை பார்க்க வந்த ஒரு ஆள் கண்டுபிடித்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். முன்னால் போன தங்கை அதற்குள் பாதை முடிகிற இடத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தாள். "பாதை வளைஞ்சு வளைஞ்சு போகுது அண்ணி, நாணல் மறைச்சிடுச்சு. திரும்பிப் பார்த்தேன், ஒண்ணும் தெரியலை" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதாள். கண்ணாடிக்காரியும் அன்று நம்பி, அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

அந்தப் பறவைக்காரர் போன மாதம் மூக்குக் கண்ணாடி மாற்றக் கடைக்கு வந்தார். பேச்சுவாக்கில், "பாதை நடுவுல சைக்கிள் விழுந்து கிடந்தது, ரொம்பத் தூரத்துலயே கண்ணுல பட்டுச்சு. அதைப் பார்த்துத்தான் போனேன்" என்றார். திரும்பிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை என்று நாத்தனார் அழுதது கண்ணாடிக்காரிக்கு நினைவு வந்தது. அவர் கழுத்தில் தொலைநோக்கி மாட்டிக்கொண்டு திரிகிறவர், அதில் பார்த்திருக்கலாம் என்று தன்னையே சமாதானப்படுத்திப் பார்த்தாள். மனம் சமாதானமாகவில்லை; அந்தப் பாதையை நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். கணவரின் சைக்கிளை எடுத்து, இருக்கையைத் தாழ்த்தி, வீட்டுக்குப் பின்னாலிருந்த மண் ரோட்டில் ஓட்டிப் பழகினாள். விழுந்து முட்டி சிராய்ந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதையின் தொடக்கத்தில் இருந்த இரும்புத் தடுப்பின் அருகே நாத்தனார் காத்திருந்தாள். அதைத் தாண்டி கார், பைக் எதுவும் போக முடியாது. சைக்கிளை ஒருக்களித்து நுழைக்க வேண்டும். கண்ணாடிக்காரி நுழைத்தபோது கைப்பிடி மாட்டிக்கொண்டது. நாத்தனார் கை நீட்டினாள்.

"விடு, எனக்குத் தெரியும்."

"டயர்ல காத்து ஜாஸ்தியா இருக்கு அண்ணி. சரளைக்குக் கொஞ்சம் குறைக்கணும்."

"இருக்கட்டும்."

காற்று அதிகமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு கல்லும் முழங்கை வரை வந்து இடித்தது. இடது பக்கம் கருங்கற்களை அடுக்கிய சரிவும் அதன் கீழே சாம்பல் நிறக் கடலும். வலது பக்கம் சதுப்பு. உப்பும் அழுகலும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. பாதையில் வேறு ஒரு ஈ காக்கைகூட இல்லை. இன்ஜின் சத்தமோ ஹார்னோ கேட்காத இடத்தில், சரளை நொறுங்குகிற ஓசையும் நாத்தனாரின் குரலும்தான். கியரை மாற்றுங்கள், குனிந்து ஓட்டுங்கள், சேற்றுப் பக்கம் ஒதுங்காதீர்கள் என்று முன்னாலிருந்தே உத்தரவுகள் வந்துகொண்டிருந்தன. கண்ணாடிக்காரி கியரை மாற்றவில்லை, குனியவுமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.

முதலில் பாதை வளைந்துதான் போனது. நாணல் ஆள் உயரத்துக்கு நின்றது. ஒருவேளை அவள் சொன்னது நிஜமோ, அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டோமோ என்று கண்ணாடிக்காரிக்கே ஒரு கூச்சம் வந்தது. அப்புறம் நாணல் முடிந்தது. ஒரு சின்ன மரப்பாலம் வந்தது. அதற்கு அப்பால் பாதை கயிறு பிடித்துக் கோடு போட்ட மாதிரி நேராகக் கிடந்தது.

"எங்க விழுந்தார்?"

நாத்தனார் வேகத்தைக் குறைத்தாள். "இங்கதான். பாலம் தாண்டினதும்."

"சரி, நீ போ. நான் தண்ணி குடிச்சிட்டு வரேன்."

நாத்தனார் தயங்கினாள், பிறகு போனாள். கண்ணாடிக்காரி சைக்கிளைப் பாதையில் கிடத்திவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தாள். நாத்தனாரின் சிவப்புச் சட்டை சிறுத்துக்கொண்டே போனது, ஆனால் மறையவில்லை. வெகுதூரம் போன பிறகும் அவள் தலையைத் திருப்பியது இங்கிருந்து தெரிந்தது. அங்கேயே நின்றுவிட்டாள். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மெதுவாக வந்தாள்.

"என்னைத் தெரிஞ்சுதா?" என்று கேட்டாள் கண்ணாடிக்காரி.

"அண்ணி..."

"உனக்குக் கண்ணாடி போட்டு விட்டவளே நான்தான். தூரத்துல இருக்கறது எவ்வளவு தெரியும்னு எனக்குத் தெரியாதா? சைக்கிள் கிடக்கறது தெரிஞ்சுதா, இல்லையா?"

நாத்தனார் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அழுவாள் என்று கண்ணாடிக்காரி எதிர்பார்த்தாள். அழவில்லை.

"தெரிஞ்சுது" என்றாள். "சண்டை போட்டோம். உங்களைப் பத்தித்தான். கல்யாணத்துக்கு அப்புறம் அண்ணன் எனக்கு அண்ணனாவே இல்லைன்னு சொன்னேன். வாயை மூடுன்னான். நான் மிதிச்சுட்டுப் போயிட்டேன். திரும்பிப் பார்த்தா சைக்கிள் கீழ கிடக்குது, ஆளைக் காணோம். சின்ன வயசுல கோவம் வந்தா அப்படித்தான் போட்டுட்டு எங்கயாவது போய் உக்காந்துப்பான். கெஞ்சிக்கிட்டு நான் வரணும்னு பார்க்கறான்னு நினைச்சேன். இந்தத் தடவை வர மாட்டேன்னு போனேன்."

"போய்க் காப்பி குடிச்சே."

"ஆமா. குடிச்சேன்."

"அவர் சேத்துல புதைஞ்சு கிடந்தார்."

"எனக்கு அது தெரியுமா? தெரிஞ்சா விட்டுட்டுப் போவேனா? நீங்க எங்க வீட்டுக்கு வராம இருந்திருந்தா நாங்க சண்டையே போட்டிருக்க மாட்டோம்."

கண்ணாடிக்காரிக்கு ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது. குனிந்து, கீழே கிடந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்திக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "உன் அண்ணன் இன்னிக்கும் கழிப்பறைக்குப் போகச் சுவத்தைப் பிடிச்சுக்கறார். அதுக்கும் நான்தான் காரணமா? இனிமே ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு என் வீட்டுப் படி ஏறாதே" என்றாள். நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இவள் அதைக் கேட்கக் காத்திருக்கவில்லை. எதிர்காற்றில் தனியாகத் திரும்பினாள். மூச்சு வாங்கியது. ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் காலில் அப்பியிருந்த சேற்றோடு கணவர் எதிரில் போய் நின்றாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் முகத்தில் ஆச்சரியம் வரும் என்று பார்த்தாள். அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டா. காலைப் பிடிச்சு அழுதா. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு நான்தான் சொன்னேன்."

"ஏன்?"

"சொன்னா நீ அவ முகத்துல முழிக்க மாட்டே. ஒரே கட்டிடத்துல ரெண்டு பேரும் இருக்கீங்க. எனக்கு வீடு நிம்மதியா இருந்தா போதும்னு தோணுச்சு."

"அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து ஒரு வருஷம் என்னை முட்டாளாக்கி இருக்கீங்க. நான் அவ தோளைத் தட்டிக் கொடுத்தேன், தெரியுமா? எல்லாம் தெரிஞ்சும் சும்மாதானே படுத்திருந்தீங்க?"

அவர் பென்சிலைத் திருப்பிப் பார்த்தார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தங்கையாவது நேருக்கு நேர் நின்று சண்டை போட்டாள். இவர் சீவிய பென்சிலின் முனையை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு சுருங்கிப்போயிற்று. சாப்பாடு மேசைக்கு வந்தது, மாத்திரை வேளைக்கு வந்தது, வேறொன்றும் வரவில்லை. நாத்தனார் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டாள். கட்டிடத்தின் மாடிப்படியில் எதிர்ப்பட்டால் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள். அண்ணனைப் பார்க்க அவள், இவள் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து வந்துபோகிறாள் என்பது கழுவி வைத்த இரண்டு கோப்பைகளிலிருந்து தெரிந்தது. இவள் கேட்கவுமில்லை, தடுக்கவுமில்லை.

ஆனால் அந்தப் பாதையை அவளால் விட முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஞாயிறுதோறும் போனாள். டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டாள். அப்படிச் செய்ததும் சரளை மெத்தென்று ஆனது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. சதுப்பில் கூட்டமாக நின்ற நாரைகள் தலையைக்கூடத் தூக்காமல் சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கும். அங்கே யாருக்கும் அவள் அண்ணியும் இல்லை, மனைவியும் இல்லை.

ஒரு காலையில் மரப்பாலத்தைத் தாண்டி நேர்ப்பாதையில் போகும்போது எதிரே சிவப்புச் சட்டை தெரிந்தது. தொலைவிலிருந்தே இருவருக்கும் ஒருவரையொருவர் அடையாளம் தெரிந்துவிட்டது. திரும்பிவிடலாம், ஆனால் திரும்புவது தோற்பது போலாகும். அது முன்பின் தெரியாதவர்கள்கூடத் தலையசைத்துவிட்டுப் போகிற பாதை. கண்ணாடிக்காரி கடல் ஓரமாக ஒதுங்கினாள். நாத்தனார் சேற்று ஓரமாக ஒதுங்கினாள். ஒருவரும் தலையசைக்கவில்லை.

கடந்து போன பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "முன்னாடி மணல் ஏறிக் கிடக்கு. இறங்கித் தள்ளிட்டுப் போங்க."

கண்ணாடிக்காரி திரும்பவில்லை. வேண்டுமென்றே இன்னும் அழுத்தி மிதித்தாள். கொஞ்ச தூரத்தில் மணல் பாதையை மூடிக் கிடந்தது. இறங்காமல் அதற்குள் ஓட்டினாள். முன்சக்கரம் பாதிவரை புதைந்து நின்றது. காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, சைக்கிளை இழுத்துத் தள்ளினாள். நாத்தனார் சொன்னது சரியாகப் போனதுதான் அன்று முழுவதும் வயிற்றெரிச்சலாக இருந்தது.