நான்கு விரற்கடை உயரம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குத் தையல்கார அம்மாளின் நாற்காலி தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரம் எழும்பியது. முதியோர் உடற்பயிற்சி வகுப்பு நடக்கும் கூடத்தில் அப்போது இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தன. மின்விசிறி மூன்றாம் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர், பழைய தடை ஓட்டக்காரர், அன்று விசிலை வீட்டில் மறந்துவிட்டிருந்தார். விசில் இல்லாமல் அவருக்கு எண்ண வராது. சுவரில் தொங்கும் படங்களிலுள்ள பன்னிரண்டு பயிற்சிகளையும் பத்துப் பத்து முறை செய்யவைப்பதுதான் அவர் முறை. வேறு வழியின்றி, இன்று அவரவருக்குப் பிடித்ததைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

தையல்கார அம்மாள் அன்றோடு நின்றுவிடலாம் என்றுதான் வந்திருந்தார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு முழங்கால் மடங்கவேயில்லை. அவர் குடியிருப்பது தரைத்தளத்தில். அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில், தன் மகன் வீட்டில், படுத்த படுக்கையாக அக்கா. நடுவில் ஐம்பத்து நான்கு படிகள். பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. போனில் பேசினால் அக்காவின் குரல் காதுக்கு ஒரு முறையும் மாடிப்படி வழியாக இன்னொரு முறையும் வந்து சேரும். பிடித்தது என்றதும் அவர் கால்கள் தையல் மிஷினின் மிதியைத் தேடின. நாற்பது வருடம் ஊருக்கெல்லாம் தைத்தவர், நிறையச் சுருக்கம் வைத்துத் தனக்கொரு பாவாடை தைக்க ஆசைப்பட்டு நேரமில்லாமல் விட்டிருந்தார். அதை இப்போது, இல்லாத மிஷினில், தொடங்கினார். நான்காவது சுருக்கத்தில் நாற்காலி எழும்பியது. முழங்கால் மடங்கியதை அவர் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அந்த அம்மாளின் கால்களைப் பார்த்து அப்படியே மிதித்தார். வியர்த்ததே தவிர எழும்பவில்லை.

“காப்பி அடிச்சா மார்க் வராது சார்,” என்றார் பக்கத்திலிருந்த முன்னாள் பேருந்து ஓட்டுநர், இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் திருப்பியபடி. அவர் நாற்காலி வளைவுகளில் மட்டும் எழும்பும்.

தலைமையாசிரியர் இரண்டு வகுப்புகள் ஓட்டுநரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, சின்ன வயதில் அப்பா கூடாதென்று தடுத்த பந்துவீச்சை உட்கார்ந்தபடியே ஆரம்பித்தார். ஆறாவது பந்தில் அவரும் மேலே போனார். ஒருநாள் பயிற்சியாளர் பழக்கதோஷத்தில் விசிலை ஊதிவிட, அதற்குள் எழும்பப் பழகியிருந்த பதினாறு நாற்காலிகளும் தொப்பென்று இறங்கின. அவர் மன்னிப்புக் கேட்டு, விசிலை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். பதிவேட்டில் நாடித்துடிப்புக்குப் பக்கத்தில் உயரத்துக்கும் ஒரு கட்டம் போட்டுக்கொண்டார்.

பாவாடை முடிய ஐந்து மாதம் பிடித்தது. ஓரத்தை மட்டும் அந்த அம்மாள் வகுப்பில் தைக்கவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியையும் மிதியாக அழுத்தி, மாடிப்படியில் தைத்துக்கொண்டே ஏறினார். ஐம்பத்து நான்காவது படியில் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“என்னடி, இவ்வளவு நேரமா?” என்று கேட்டார் அக்கா, கடைக்குப் போனவளைக் கேட்பதுபோல.

“வழியில பாவாடைக்கு ஓரம் அடிச்சிட்டு வந்தேன்க்கா.”

அக்கா அவர் கையைப் பிடித்து வெகுநேரம் விடவில்லை. பிறகு, “எங்க, ஒரு சுத்து சுத்திக் காட்டு,” என்றார். தங்கை சுற்றினார். நல்ல விரிவு என்றார் அக்கா.

கூடத்தைத் துடைக்கும் பெண் இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமைகளில் சரியாகப் பத்தே காலுக்கு வருகிறார். முன்பு ஒவ்வொருவரிடமும் காலைத் தூக்கச் சொல்லிக் கெஞ்சவேண்டும். இப்போது ஈரத்துணி நாற்காலிகளுக்கு அடியில் தடையில்லாமல் போய்வருகிறது. நல்லா இருங்க எல்லாரும் என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறார்.