எண்ண முடியாதவற்றுக்கு எண் போட்டவர்

மருந்துக்கடை மாடியில் நடந்த ஆங்கில வகுப்புக்கு அந்த நர்ஸ் மூன்று மாதமாகப் போய்வந்துகொண்டிருந்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று ஆள் எடுக்கிறது; விண்ணப்பித்தவர்களை இங்கே அனுப்பியிருக்கிறது. நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டுமானால் வகுப்பு நடத்துபவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அந்தக் கையெழுத்து புரொபசரிடம் இருந்தது. புரொபசர் எந்தக் கல்லூரி வாசலையும் பாடம் நடத்த மிதித்ததில்லை. பட்டத்தைத் தானே சூட்டிக்கொண்டு, தானே பலகையில் எழுதி, அப்படிக் கூப்பிடாதவர்களைத் தானே முறைத்து நிலைநாட்டியிருந்தார்.

அவருடைய ஆங்கிலம் முழுக்கப் பெயர்ச்சொல். ஒருமை, பன்மை, எண்ண முடியாதவை என்று மூன்று பீரோவில் பூட்டி வைத்திருந்தார். முதல் இரண்டும் கழுதைக்குக்கூட வந்துவிடும் என்பது அவர் கட்சி. மூன்றாவதுதான் மேதைகளுக்கு. தண்ணீர், அரிசி, ஃபர்னிச்சர், லக்கேஜ் என்று நூற்றுப் பன்னிரண்டைத் திரட்டி, எண்ண முடியாத அத்தனைக்கும் வரிசையாக எண் போட்டிருந்தார். அவர் பதினேழு என்றால் வகுப்பு ஃபர்னிச்சர் என்று முழங்க வேண்டும். யாராவது அதன் வாலில் பன்மைக்கான ஓர் ‘ஸ்’ ஒட்டிவிட்டால், சோற்றில் கல் கடிபட்டவர்போல முகம் சுளிப்பார்.

நர்ஸுக்கு ‘ஸ்’ வழிந்தது. வார்டில் வெளிநாட்டு நோயாளிகளோடு பேசிப் பேசியே ஆங்கிலம் வந்தவள் அவள். தடங்கலில்லாமல் பேசுவாள், ஒட்டக்கூடாத இடத்திலெல்லாம் ஒட்டுவாள். இதற்காகவே புரொபசர் இரண்டு முறை கடிதத்தை மறுத்துவிட்டார்.

மூன்றாவது முறை, அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரி சார்பில் ஓர் அம்மாள் நேரிலேயே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. புரொபசர் கோட்டு மாட்டிக்கொண்டு ஒன்றிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு வரை வகுப்பை முழங்க வைத்தார். அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு நர்ஸைப் பார்த்தார். மூச்சுத் திணறல் தணிந்த நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது என்ன செய்வாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நர்ஸ் எழுந்து சொல்ல ஆரம்பித்தாள். தலையணையை உயர்த்துவது, மாத்திரை நேரம், எப்போது திரும்பக் கூட்டிவருவது. கடைசியில் வீட்டாருக்கு இரண்டு ‘அட்வைசஸ்’ சொல்வேன் என்றாள்.

புரொபசர் மேசையைத் தட்டினார். “நாப்பத்தொண்ணு.”

“அட்வைஸ்” என்றது வகுப்பு, பழக்கதோஷத்தில், பன்னிரண்டு தொண்டையும் ஒன்றாக.

அம்மாள் திடுக்கிட்டு நிமிர்ந்தார். என்ன நடந்தது என்று புரொபசரிடமே கேட்டார். புரொபசர் கனைத்தார். கோட்டுப் பொத்தானைத் திருகினார். பெயர்ச்சொற்கள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. இழுத்துப் போக ஒரு வினைச்சொல் இல்லை. வண்டி நிறைய மூட்டை, மாட்டைக் காணோம்.

“அட்வைஸ்… நாலெட்ஜ்… பேஷன்ஸ்…” என்றார். அத்தோடு சரி.

நர்ஸுக்கே பாவமாகப் போய்விட்டது. நான் தப்பு செய்தால் சார் எண் சொல்வார், இவர்கள் சரியான சொல்லைச் சொல்வார்கள் என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். அந்த எண்கள் நோயாளிகளுக்கும் தெரியுமா என்று அம்மாள் சிரிக்காமல் கேட்டார். பிறகு அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

புரொபசருக்குத் தமிழ் திரும்பி வந்தது. “உனக்கு நான் இன்னும் லெட்டர் குடுக்கலன்னு அந்தம்மாகிட்ட சொல்லும்மா.”

நர்ஸ் ஒரு சொல் விடாமல் சொன்னாள். வந்த பதிலையும் அப்படியே கொடுத்தாள். “லெட்டர் வேண்டாமாம் சார். பேசுறத அவங்களே கேட்டுட்டாங்களாம். மத்தவங்களையும் இப்பவே பேசச் சொல்லிக் கேக்கப்போறாங்களாம்.”

பெஞ்சுகள் கிரீச்சிட்டன. பன்னிரண்டு பேரும் அம்மாளுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். புரொபசர் நர்ஸின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“அடுத்த பேட்சையும் என்கிட்டயே அனுப்பச் சொல்லி அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடும்மா.”

“நீங்களே சொல்லுங்க சார்” என்று அவள் மரியாதையாக ஒதுங்கி, அவருக்கு வழி விட்டாள்.