காலை உணவுக்குப் பின்

சந்தியாகுவை மாத்திரை விழுங்க வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கணபதிப் பகுதியில் உள்ள நஞ்சப்பனின் பட்டறையில் இருபத்தெட்டு வருஷமாக லேத் ஓட்டுகிறவர். அண்ணன் ஐம்பது வயதில் மாரடைப்பில் போனார். இவருக்கும் பிரஷர் ஏறிக் கிடக்கிறது, தினமும் மாத்திரை போட வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைச் சட்டைப் பையோடு துவைத்துக் காயப் போட்ட மனிதர்.

"நோவே இல்லாத ஒடம்புக்கு மருந்து எதுக்கு கண்ணு? வந்தாப் பாத்துக்கலாம்."

"வந்தப்பறம் பாக்க நீங்க இருக்கோணுமில்லீங்கப்பா" என்றாள் மகள் ரூத். அம்மா போன பிறகு அவளுக்கு அவரை விட்டால் யாருமில்லை.

அவளுக்கு காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை. தொண்ணூற்றெட்டாம் வருஷம். ஜனங்கள் ஆசையாக வந்து ஈமெயில் முகவரி வாங்கிக்கொண்டு, எழுத ஆளில்லாமல் திரும்பிப் போன காலம் அது. ஒரு மழை நாளில் கடை காலியாக இருக்க, ரூத் இதய நோயைப் பற்றித் தேடினாள். ஏதோ வெளிநாட்டு ஆஸ்பத்திரி பாமரருக்கென்று போட்டிருந்த பக்கம் வந்தது. முதல் கேள்வியே, வலி இல்லாதபோது மருந்து எதற்கு என்பதுதான். நம் அப்பாவைப் போல அங்கேயும் ஒருத்தர் இருக்கிறாரே என்று சிரித்துவிட்டாள்.

அதை பிரிண்ட் எடுத்து, பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதினாள். வலி வருவதற்கு முன்பே ரத்தக்குழாய் கெடும், மருந்து அதைத் தடுக்கும், நன்றாக இருக்கிறோம் என்று நிறுத்தக் கூடாது. கடைசியில் டாக்டர் சொன்னதைச் சேர்த்தாள்: 'காலை உணவுக்குப் பின் இரண்டு மாத்திரை.'

சந்தியாகு கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தார்.

"இப்பத்தான் டிராயிங் மாதிரி இருக்குது. இதும்படியே செஞ்சுபோடறேன் போ."

பட்டறையில் டிராயிங்கில் உள்ள அளவுக்கு மேலே கீழே மயிரிழை விடமாட்டார். அந்தத் தாளை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினார். பக்கத்தில் காலண்டர். போட்ட நாளுக்கெல்லாம் பென்சிலில் டிக். ரூத்துக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு மாதம் திறந்து திறந்து பார்த்தாள். புது வருஷம் பிறந்ததும் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

மார்ச் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, குருத்தோலை ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால், லேத்தை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"மாத்திரை ஒழுங்காப் போட்டாராம்மா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்.

"ஒரு நாள்கூட உடலீங்க" என்றாள்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அலமாரியைத் திறந்தாள். பிப்ரவரியில் தவக்காலம் தொடங்கிய புதன்கிழமை நெற்றியில் சாம்பல் பூசி வந்தாரே, அதற்கு முதல் நாளோடு டிக் நின்றிருந்தது. கீழ்த்தட்டில் பிரிக்காத மாத்திரை அட்டைகள். ஏமாற்றிவிட்டாரே என்று முதலில் கோபம்தான் பொங்கியது. பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்தாள். அதற்குப் பிறகு வந்த ஐந்து ஞாயிறுக்கும் டிக் இருந்தது.

தவக்காலத்தில் சந்தியாகு மதியம்வரை பச்சைத் தண்ணீர்தான். ஞாயிறு மட்டும் பூசை முடிந்து வந்து காலையில் சாப்பிடுவார். வருஷா வருஷம் நடப்பது. மதியச் சாப்பாட்டு டப்பாவை நாள் தவறாமல் கட்டிக் கொடுத்தவளே ரூத்தான். காலை உணவு இல்லை, அதனால் மாத்திரையும் இல்லை. மதியம் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வரி அவள் எழுதவில்லை.

நோன்பு முடிந்து மறுபடி காலையில் சாப்பிடத் தொடங்கும் ஏப்ரல் நான்கு, ஈஸ்டர், பென்சிலால் வட்டமிட்டிருந்தது. ரூத் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

துக்கம் கேட்க வந்திருந்த பட்டறை முதலாளி நஞ்சப்பன் வாசற்படியிலேயே நின்றார்.

"அழுவாத அம்மணி. உங்கப்பனாட்டம் ஆளு கெடைக்காது. டிராயிங்குல என்ன இருக்குதோ அதும்படிதான் செய்வாரு. ஒருக்காலும் மீறுனதில்ல."

"தெரியுங்க" என்றாள் ரூத்.