மரத்தூள் மூட்டை

மண்ணூரில் எல்லப்பன் வீட்டு வாசலில் அன்றைக்கு முதலில் வந்து விழுந்தது பாஞ்சாலியின் இலவம்பஞ்சு மெத்தை. தூக்கி எறிந்தவள் எல்லப்பனின் மனைவி கனகம். கையில் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு. ஏழு வயது மகள் மதிவதனிக்கு மூச்சிழுப்பு. மருந்து பாதிதான், மீதிப் பாதி வீட்டைத் திருத்துவதில் இருக்கிறது என்று ஸ்ரீபெரும்புதூரில் அந்த அம்மாள் சொல்லி, குழந்தை மூச்சு விடும் இடத்தில் எதெல்லாம் இருக்கக் கூடாது என்று வரிசையாக எழுதித் தந்திருந்தார்.

"பஞ்சு மெத்த ஆவாதாம் அண்ணி. கோழிய உள்ள கவுக்கக் கூடாதாம். சாம்பிராணி கூடாது. உங்க மூக்குப்பொடியும் கூடாது. நான் சொல்லல, டாக்டரு எய்திக்கீறாங்க."

ஒவ்வொன்றையும் சொல்லும்போது கனகத்துக்கு நாக்கில் வெல்லம் கரைந்தது. பாஞ்சாலி எல்லப்பனின் அக்கா. புருஷன் செத்தபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். குழந்தைக்கு முதன்முதலாக மூச்சு வாங்கியபோது, தெருக்குழாயடியில் அத்தனை பெண்கள் முன்னால், "தாய்ப்பாலே சரியில்ல, கொழந்த இன்னா பண்ணும்?" என்று கேட்டவள். அந்தப் பேச்சை நாலு வருஷமாகக் கனகம் ஆறவிடாமல் வைத்திருந்தாள். சீட்டு கைக்கு வந்ததும், கடவுளே எழுதிக் கொடுத்தது போலிருந்தது.

முதல் வரியை மட்டும் அவள் வாசிக்கவில்லை. பாஞ்சாலிக்குப் படிக்கத் தெரியாதது வசதியாகப் போயிற்று. மரத்தூள் அடுப்பு கூடாது, தூள் மூட்டையை வீட்டுக்குள் வைக்கவே கூடாது என்று அதில் இருந்தது. தூள், கனகத்தின் அண்ணன் ரகுபதி தண்டலம் மரவாடியிலிருந்து வாராவாரம் அனுப்புவது. 'பொறந்த வூட்லருந்து இன்னாத்த கொண்டாந்தே?' என்று கேட்ட பாஞ்சாலியின் வாய்க்கு அந்த மூட்டைதான் பதில். தினமும் காலையில் தகர அடுப்பின் நடுவே துளை விழுவதற்காகப் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் குத்திக் குத்தி அடைக்கும்போது, பாஞ்சாலி பார்க்கிறாளா என்று ஒரு கண் வைத்திருப்பாள். அதைப் போய் அவள் முன்னாலேயே வெளியே தள்ளுவதா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

பாஞ்சாலி சண்டைக்கு வருவாள், தம்பியிடம் மூட்டிவிடுவாள் என்று கனகம் ஆசையாகக் காத்திருந்தாள். அவளோ பொடி டப்பாவைத் தானே கொண்டுபோய் வேலிக்கு அப்பால் வீசிவிட்டு வந்தாள். கனகத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

நாலாம் நாள் மத்தியானம், எல்லப்பன் வேலைக்குப் போயிருந்த நேரம், மதிவதனிக்கு மறுபடி இழுக்க ஆரம்பித்தது. மாத்திரையைக் கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. பாஞ்சாலி குழந்தையின் முதுகைத் தடவியபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்துதான் எல்லாம் வெளிய போயிடுச்சே. இன்னும் இன்னாடி கீது உள்ள?"

அவமானத்தோடு கனகம் எழுந்துபோய் அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். மூலையிலிருந்த மூட்டையின் கழுத்தைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள்.

"இரு, தண்ணி தெளிச்சிட்டு எடு. தூசி கெளம்பும்" என்று பாஞ்சாலி ஓடி வந்தாள்.

"நீங்க ஒண்ணும் எனக்குச் சொல்லித்தர வாணாம்!"

பாஞ்சாலி மறுமுனையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். அவள் கை அதில் பட்டதையே கனகத்தால் பொறுக்க முடியவில்லை. பலத்தையெல்லாம் கூட்டி வெடுக்கென்று இழுத்தாள். வாசற்படியைத் தாண்டியதும் சாக்கு அடிவரை கிழிந்தது. ஆடிக் காற்று அத்தனை தூளையும் வாரி மேலே எழுப்பியது.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கதவின் மேல் பாய்ந்து, வெளியிலிருந்தே இழுத்துச் சாத்தினார்கள். தலை, புருவம், சேலை மடிப்பு எல்லாம் தூள். இந்தக் கோலத்தில் உள்ளே போக முடியாது. ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் கதவில் காதை வைத்தார்கள்.

உள்ளே இழுப்புச் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. இழுப்பு அடங்கியதா, மூச்சே அடங்கியதா, தெரியவில்லை. நாதாங்கியைப் பிடித்திருந்த கனகத்தின் கைமேல் பாஞ்சாலியின் கை இருந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.