நெல்லால் எழுதிய டைட்டில்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம்.

நாகர்கோவிலில் ஒரு திரைப்படச் சங்கக் கூட்டம். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருவர், மாணவர்கள் படம் எடுப்பதெல்லாம் நேற்று முளைத்த சமாசாரம் என்று பேசினார். விஷயம் சரியோ தப்போ, அவர் பேசிய தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து நின்று, "எங்கள் ஊரில் ஐம்பத்தைந்திலேயே மூன்று காலேஜ் பிள்ளைகள் படம் எடுத்தார்கள்" என்று அடித்துவிட்டேன்.

"படத்தின் பெயர்?" என்றார் அவர்.

"தண்ணீருக்கு முன்னால்."

"டைட்டில் எப்படிப் போட்டார்கள்?"

"களத்தில் நெல்லால் எழுதி, மேலே இருந்து படம் பிடித்தார்கள்."

அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

அப்படி ஒரு படம் கிடையாது. அந்தப் பிள்ளைகளும் கிடையாது. ஆனால் அன்றைக்கு நான் வீடு வந்து சேர்வதற்குள் மூன்று பேருக்கும் பெயர் வைத்தாகிவிட்டது. அவர்களில் ஒருத்திக்கு அப்பாவும் வந்துவிட்டார். இனி எழுதாமல் தப்ப முடியாது. எழுதிவிட்டால் பொய் கதையாகிவிடும், ஒருவரும் ஆதாரம் கேட்க முடியாது. எங்கள் தொழிலில் இருக்கும் ஒரே சௌகரியம் அது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"சுசீந்திரம் கோபுரத்தின் மேல் காலை வெயில் விழுந்து, தெப்பக்குளத்துத் தண்ணீரில் அது —"

வேண்டாம். கோபுரத்தில் வெயில் விழாமல் இந்தப் பக்கத்தில் எவனும் கதை தொடங்கியதில்லை.

இரண்டாவது முயற்சி:

"நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்த 1955இல், தமிழகத்தோடு சேரத் தமிழர் நடத்திய போராட்டத்தின் சூடு இன்னும் தணியாத —"

சூடு தணியவில்லை என்பது உண்மைதான். அந்த வருஷத்தில் ஒரு படத்துக்குத் தமிழில் டைட்டில் போடுவதே ஒரு காரியம்தான். ஆனால் அந்தப் பக்கம் கால் வைத்தால் கதை ஊர்வலத்தோடு போய்விடும். என் மூன்று பிள்ளைகளையும் கூட்டத்தில் தேட எனக்குத் தெம்பில்லை.

மூன்றாவது:

"டைட்டிலை மொதல்ல எடுத்துருவோம்" என்றான் கோலப்பன்.

இது நிற்கும்.

3

கோலப்பன் சுசீந்திரத்துக்காரன், வயல் உள்ள வீட்டுப் பிள்ளை. மூவரில் அவன்தான் சத்தமாகப் பேசுவான், அதனால் டைரக்டர். யூஜின் கோட்டாற்றில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவரின் மகன். சிலோனிலிருந்து வந்த சித்தப்பாவின் கேமராவை அவன் இரவல் வாங்கியிருந்தான். சாவி கொடுத்து ஓட்டுகிற கேமரா. படச்சுருள் ஒன்றே ஒன்றுதான். ஓட்டினால் சில நிமிஷங்களில் தீர்ந்துவிடும்.

கதை மூன்றாமவளான ராஜபாய் எழுதியது. பேச்சிப்பாறை அணையைத் திறக்கிறார்கள். காய்ந்து கிடக்கும் கால்வாயில் தண்ணீர் மெல்ல ஊர்ந்து வருகிறது. அந்தத் தண்ணீருக்கு ஓரடி முன்னால் ஒரு பெண் நடந்து வருகிறாள், கடைமடையில் இருக்கும் தன் வயல் வரைக்கும். அவ்வளவுதான் படம். எனக்கு இந்தக் கதை மிகவும் பிடித்திருக்கிறது. என் சொந்தப் பெயரில் எழுதியிருக்கலாமே என்று கொஞ்சம் பொறாமையும் உண்டு.

அணை திறக்க வைகாசி ஆகும். இப்போது மாசி, கும்பப்பூ போகத்தின் அறுவடை நடக்கிறது, களம் நிறைய நெல் கிடக்கிறது. அதனால்தான் டைட்டில் முதலில்.

(ராஜபாய் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்தக் காலத்தில் ஒரு கிறிஸ்தவ வாத்தியார் மகள் சினிமாவுக்குக் கதை எழுதுவாளா? நாகர்கோவிலில் பெண்பிள்ளைகள் காலேஜுக்குப் போவது அப்போது அதிசயமில்லை. கதை எழுதுவதும் அதிசயமில்லை. சினிமாதான் இடிக்கிறது. அவளுடைய அப்பா இஸ்ரவேல் வாத்தியார் சபைப் பள்ளிக்கூடத்தின் ஹெட்மாஸ்டர், சபைக் கமிட்டியிலும் இருக்கிறார். நான் கட்டிய அந்தக் கற்பனைச் சபையில், சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்ததாகத் தெரிந்தாலே கூப்பிட்டு விசாரிப்பார்கள். சர்ச்சில் அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்தில் பங்கில்லை என்பார்கள். ஹெட்மாஸ்டர் என்றால் வேலையும் போகும்.)

சந்தேகத்தை ராஜபாயே தீர்த்துவைத்தாள். காலேஜ் மலரில் அவள் எழுதிய ஒரு கதையை 'ஒரு மாணவி' என்று போட்டிருந்தார்கள். பெண்பிள்ளையின் பெயர் அச்சில் வந்தால் வம்பு என்று நினைத்த யாரோ ஒரு நல்லவரின் வேலை. அந்தப் பக்கத்தை அவள் வீட்டில் காட்டவேயில்லை. இப்போது கோலப்பனிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள்.

"எனக்க பேரு வரணும். முழுசா வரணும். இல்லேன்னா கதையும் இல்லை, கேட்டியா?"

பிடிவாதக்காரி. அப்புறம் என்ன, எழுதுவாள்.

4

களமும் நெல்லும் கோலப்பனின் மாமா தாணுலிங்கத்துக்குச் சொந்தம். படச்சுருளை வாங்கிக் கொடுத்ததும் அவரே. அதனால் எல்லாவற்றையும் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது.

"டைட்டில்னா என்னதுலே?"

"படத்துக்கு முன்னால ஆளுக்க பேரு வரும் மாமா."

"கல்யாணக் கடிதம் மாதிரின்னு சொல்லு."

நாஞ்சில் நாட்டில் கல்யாணக் கடிதம் அச்சடிப்பது சின்னக் காரியமில்லை. பெரியப்பாவுக்குக் கீழே சித்தப்பா வர வேண்டும். விட்டுப்போன பெயருக்காக அண்ணன் தம்பி பேச்சை முறித்துக்கொண்ட வீடுகள் உண்டு. ஒருவர் பெயரும் மொட்டையாக நிற்கக் கூடாது. இன்னார் மகன், இன்னார் மகள் என்று வந்தால்தான் அது பெயர்.

மாமா உற்சாகமாகிவிட்டார். முதலில் தன் பெயர், அப்புறம் கேமரா கொடுத்த சித்தப்பா, அப்புறம் பிள்ளைகள் என்று வரிசையை அவரே சொல்லிக்கொண்டுபோனார்.

"தகப்பன் பேரு இல்லாம போட்டுராதீங்க மக்கா. நாதியத்த பயக்க படம் எடுத்தானுவன்னு சொல்லுவான்."

மூவரும் தலையாட்டினார்கள். சினிமா டைட்டிலைக் கல்யாணக் கடிதமாகப் போட்டது தப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உலகத்தில் வேறெந்த ஊர் மாணவர்களும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள் என்று நான் அடித்துச் சொல்வேன். ராஜபாய்க்காவது தோன்றியிருக்க வேண்டும். தன் பெயர் வரப்போகிறது என்ற சந்தோஷத்தில், அதற்கு மேலே வரப்போகும் வரியை அவள் யோசிக்கவில்லை.

5

சாணி மெழுகிய களம் கருப்பாக இருந்தது. அதன் மேல் புது நெல் பளிச்சென்று எடுபட்டது. யூஜின் வைக்கோல் படப்பின் மேலே ஏறி, கேமராவோடு குப்புறப் படுத்துக்கொண்டான். கீழே ராஜபாய் குத்துக்காலிட்டு நெல்லை விரலால் ஒதுக்கி ஒதுக்கி எழுதினாள். ஒரு பெயரை எடுத்து முடித்ததும் கோலப்பன் களம் பெருக்கும் வாரியலால் அதைக் கூட்டித் தள்ளுவான். அந்த நெல்லிலேயே அடுத்த பெயர்.

"ஏலே கோலப்பா, ஒங்க மாமாவுக்க தலையைக் குருவி தின்னுட்டு!" என்று மேலே இருந்து கத்தினான் யூஜின்.

"வெரட்டுலே! பேரு கொறஞ்சா மாமா படத்தையே நிறுத்திருவாவ."

(இந்த இடத்தில் குருவிகளைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அழகான பத்தி. அழகாக இருந்ததாலேயே எடுத்துவிட்டேன்.)

படத்தின் பெயர் முடிந்தது, மாமா முடிந்தார், சித்தப்பா முடிந்தார். 'ஆறுமுகம் மகன் கோலப்பன்', 'அந்தோணி மகன் யூஜின்' இரண்டும் ஆயிற்று. சுருள் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கேமராவின் முள்ளை யூஜின் பார்த்தான், முகம் மாறியது. கல்யாணக் கடிதம் சுருளில் பாதியைத் தின்றிருந்தது.

"இன்னும் ஒரு பேருதான் எடுக்க ஒக்கும். அதுவும் ஒரே தடவை. மிச்சம் இருக்கது தண்ணிக்கு வேணும்."

மிச்சம் இருந்த பெயரை ராஜபாய் ஏற்கெனவே எழுத ஆரம்பித்திருந்தாள். பெரிய எழுத்தில், இரண்டு வரியாக.

இஸ்ரவேல் வாத்தியார் மகள்
ராஜபாய்

6

"இஸ்ரவேல் வாத்தியார் கண்கள் சிவக்க, கையை ஓங்கியபடி வரப்பில் ஓடி —"

இல்லை. தமிழ்க் கதைகளில் அப்பாக்கள் வேண்டிய அளவு கையை ஓங்கிவிட்டார்கள்.

என் வாத்தியார் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தே வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள், ஊரில் அதற்கா ஆளில்லை. களத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டார். நெல் கிடக்கும் இடத்தில் செருப்போடு ஏறக் கூடாது என்பதில் இங்கே கோவிலுக்குப் போகிறவருக்கும் சர்ச்சுக்குப் போகிறவருக்கும் வித்தியாசம் இல்லை. களத்தில் எழுதியிருந்ததை ஒரு முறை வாசித்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"கதை ஆருக்கது?"

"எனக்கதாக்கும் அப்பா."

"சொந்தமா எழுதினியா?"

"ஆமா."

"அப்பம் ஒனக்க பேரு கெடக்கட்டு." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "எனக்க பேரை எடுத்துரு மக்களே."

ராஜபாய் எழுந்து நின்றாள்.

"கமிட்டியில கேப்பாவ. படிச்ச பிள்ளை, அவளுக்க இஷ்டம்னு நான் சொல்லிரலாம். எனக்க பேரும் சேந்து கெடந்தா, நானும் கூட நின்னு நடத்தினதா ஆயிரும். பள்ளிக்கூடம் போயிரும். பொறவு உன்னையும் தம்பிமாரையும் நான் எப்படிப் படிக்க வைப்பேன்?"

கோலப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "சார், எங்க எல்லாத்துக்கும் அப்பா பேரு போட்டு எடுத்தாச்சு. இவளுக்கு மட்டும் இல்லேன்னா பாக்கவன்…"

அவன் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. திரையில் இத்தனை பேருக்கு நடுவே அவள் ஒருத்திதான் தகப்பன் இல்லாதவளாக நிற்பாள். கல்யாணக் கடிதம் வாசித்து வளர்ந்த ஊர் அதை அப்படித்தான் வாசிக்கும்.

7

இங்கே நான் சில நாள் திணறினேன் என்று எழுதினால் அடக்கமாக இருக்கும். திணறவில்லை. முடிவுகள் வரிசையில் வந்து நின்றன, ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினேன்.

அ. ராஜபாய் மறுத்துவிடுகிறாள், இரண்டு வரியும் படமாகிறது. அவளுடைய அப்பா கமிட்டியின் முன்னால் தலைகுனிந்து நிற்கிறார். இதை எழுதியும் பார்த்தேன். அதற்குப் பிறகு ராஜபாய் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், வசனமே வரவில்லை.

ஆ. "எல்லாருக்க அப்பா பேரையும் எடுத்துட்டு மறுபடியும் எடுப்போம்" என்கிறான் கோலப்பன். கைதட்டு வாங்கும் முடிவு. ஆனால் சுருள் அத்தோடு தீர்ந்துவிடும். வைகாசியில் தண்ணீர் வரும்போது கேமராவில் ஒன்றும் இருக்காது. கதை என்று அவள் பெயர் மட்டும் வரும், கதை வராது.

இ. 'ஒரு மாணவி' என்று —

இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆக மிஞ்சுவது ஒன்றுதான். அதை எனக்கு முன்பே ராஜபாய் கண்டுபிடித்திருக்க வேண்டும். கோலப்பன் கையிலிருந்த வாரியலை அவள் வாங்கிக்கொண்டாள்.

8

வாங்கினாளே தவிர உடனே கூட்டவில்லை.

"அப்பா, இதைப் பாத்துட்டு எவனாவது நான் ஆருக்க மகள்னு கேட்டா?"

"கேக்கட்டு. எனக்க மகளாக்கும்னு சொல்லுவேன். கமிட்டியில கேட்டாலும் சொல்லுவேன். அது வாயால சொல்லுகது மக்களே, அதுக்கு நெல்லு வேண்டாம்."

அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இவ்வளவு நல்லவராக இல்லாமல் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம் என்று தோன்றியது. மேல் வரியை அவளே கூட்டினாள். ஒரு மணிகூடத் தன் பெயரின் மேல் விழாதபடி மெதுவாக, வெளிப்பக்கமாகத் தள்ளினாள். களத்தில் 'ராஜபாய்' மட்டும் இருந்தது. அதற்கு மேலே வெறும் சாணித் தரை.

"எடுலே" என்றான் கோலப்பன்.

யூஜின் கேமராவின் துவாரத்தில் கண்ணை வைத்தான். வாத்தியார் இருந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சாயங்கால வெயில் அவருக்குப் பின்னால் இருந்தது. அவருடைய நிழல் களத்தில் நீளமாக விழுந்து, தலையும் தோளும் மகளின் பெயருக்கு மேலே, அவர் பெயர் கிடந்த இடத்தில் வந்து படிந்திருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. ராஜபாயும் கோலப்பனும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே படுத்திருந்தவனுக்கு மட்டும் தெரிந்தது. அது யாருடைய நிழல் என்று கமிட்டி கண்டுபிடிக்க முடியாது, நிழலைக் கூப்பிட்டு விசாரிக்கவும் முடியாது.

ஆனால் எழுத்தின் பக்கத்தில் நிழல் விழுந்தால் படம் கெட்டது என்பது ஸ்டூடியோக்காரர் மகனுக்குத் தெரியாத பாடமா? "சார், ஒரு எட்டு தள்ளி நில்லுங்க" என்று சொல்ல வாயெடுத்த யூஜின், பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறான். சொல்லட்டுமா என்கிறான்.

என்னிடம் கேட்காதே என்று சொல்லிவிட்டேன். இவர்கள் எல்லாரும் எனக்கு வேண்டியவர்கள் ஆகிவிட்டார்கள். நான் நியாயமாகச் சொல்ல மாட்டேன். இத்தனை நேரம் பக்கத்தில் நின்று பார்த்தவர் நீங்கள், அவன் உங்களிடம் கேட்கட்டும்.

சட்டென்று சொல்லுங்கள். வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறது, கேமராவுக்குச் சாவி கொடுத்தாகிவிட்டது. வாத்தியாரை நகரச் சொல்லவா?